பத்து முறை எம்.பி., பிறகு 71 ஓட்டில் தோல்வி: லட்சத்தீவின் பி.எம். சயீத்

கேள்வி: 2024 ஜூன் 5, காலை

லட்சத்தீவில் காங்கிரஸ் சார்பில் ஹம்துல்லா சயீத் ஜெயித்திருக்கிறார். 'பத்து முறை எம்.பி.யாக இருந்த பி.எம். சயீத்தின் மகன்' என்று எல்லாச் செய்தியிலும் போடுகிறார்கள். அங்கே மொத்த வாக்காளர்களே ஐம்பத்தேழாயிரம் சொச்சம். எங்கள் ஊரில் இரண்டு வார்டைச் சேர்த்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பத்து முறை ஜெயிப்பதெல்லாம் ஒரு சாதனையா? ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை நின்றார், எல்லாரும் குத்தினார்கள், அவ்வளவுதானே?

ஜூன் 5, மதியம்

வார்டு கணக்கு சரிதான். சென்னை மாநகராட்சியில் ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் வாக்காளர் வருவார்கள். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் இடிக்கிறது. பதினைந்து லட்சம் பேர் உள்ள தொகுதியில் எம்.பி. யாரென்றே பாதிப் பேருக்குத் தெரியாது. சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டுப் போவார்கள். ஐம்பதாயிரம் பேரில் அது நடக்காது. போன தடவை யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை என்பதுகூட ஞாபகம் வைத்திருப்பார்கள்.

சயீத் அந்த்ரோத் தீவுக்காரர். 1967-இல் முதன்முதலாக நின்றபோது சுயேச்சை. வயது இருபத்தைந்து இருபத்தாறுதான். வேட்பாளராக நிற்கவே இருபத்தைந்து ஆகியிருக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தத் தொகுதியில் தேர்தலே கிடையாது. 1957, 1962 இரண்டு அவைகளுக்கும் குடியரசுத் தலைவர் நியமித்த உறுப்பினர்தான் போனார், நல்லகோயா தங்ஙள். ஆக, அந்தத் தீவுக்காரர்கள் மக்களவைக்கு முதன்முதலாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் ஒரு கட்சியும் இல்லாத இளைஞர்.

அதன் பிறகு 1971, 77, 80, 84, 89, 91, 96, 98, 99. ஒரே தொகுதி, ஒரு தடவைகூட இடைவெளி இல்லை. 77-இல் வடக்கே இந்திரா காந்தியே தோற்றார், இவர் காங்கிரசில் நின்று ஜெயித்தார். 80-இல் இந்திரா அலை திரும்பி வந்தபோது இவர் எதிர்ப்பக்கம், தேவராஜ் அர்ஸின் தனிக் காங்கிரசில் நின்றார். அப்போதும் ஜெயித்தார். அலைக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

ஜூன் 5, இரவு

'1971-இல் எதிர்த்து நிற்க ஆளே இல்லை, அதையும் வெற்றிக் கணக்கில் சேர்ப்பதா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான், 1971-இல் சயீத் போட்டியின்றித் தேர்வானவர். இந்த வருஷம் சூரத்தில் முகேஷ் தலால் அப்படி வந்ததும் எல்லாரும் அதிசயமாகப் பேசினோம். பழைய பட்டியலைப் பார்த்தால் நம்மூரும் அதில் இருக்கிறது. 1962-இல் திருச்செந்தூரில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி போட்டியின்றித்தான் வந்தார்.

சேர்க்கலாமா கூடாதா? என்னைக் கேட்டால் சேர்க்கலாம். அடுத்த எட்டுத் தேர்தலில் அந்த வசதி அவருக்குக் கிடைக்கவில்லையே.

ஜூன் 6

'பெரிய வீட்டுப் பிள்ளை' விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் நீங்கள் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் வேறு எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். திருச்சிக்காரர் வாரணாசியில் நிற்கலாம். லட்சத்தீவில் நடக்காது. அது பழங்குடியினருக்கான தனித்தொகுதி. அது மட்டுமில்லாமல், வேட்பாளர் அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலிலேயே இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தனியாக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அங்கே பழங்குடி என்றால் பொதுவாகத் தானும் தாய் தகப்பன் இருவரும் அந்தத் தீவுகளில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும்.

அதாவது டெல்லியிலிருந்து ஒரு நட்சத்திரத்தை இறக்க முடியாது. கொச்சியில் பணம் பண்ணிய முதலாளி வந்து நிற்க முடியாது. சண்டை முழுக்க உள்ளூர்ச் சண்டை. பத்துத் தீவில் மக்கள் வாழ்கிறார்கள், அந்தப் பத்துக்குள்ளேயே சயீத் அணி, கோயா அணி என்று இரண்டு அணி. கட்சிப் பெயர் சட்டை மாதிரி, அணிதான் உடம்பு. எதிரணி ஒரு காலத்தில் ஐக்கிய ஜனதா தளம், அப்புறம் தேசியவாத காங்கிரஸ். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்.

இன்னொன்று, சும்மா சொல்லிவைக்கிறேன். அங்கே தாய்வழிச் சமூகம். தறவாடு என்கிற கூட்டுக்குடும்பத்தின் சொத்து அம்மா வழியில் போகும், கட்டிய கணவனே ராத்திரிக்கு மனைவி வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் தன் அம்மா வீட்டுக்குத் திரும்புகிற பழக்கம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் எம்.பி. சீட்டு மட்டும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகிறது. அரசியல் எந்த ஊரிலும் தன் வழக்கத்தைத் தானே வைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

ஜூன் 8

நான் ஏன் இதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்று கேட்கிறார்கள். கொச்சியில் வெல்லிங்டன் தீவுப் பக்கம் சில வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்கிற ஒரு கடை. லட்சத்தீவுக் கப்பல் கிளம்புகிற நாளில் அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார இடம் கிடைக்காது. பயணிகள் கையில் என்ன இருக்கும் தெரியுமா? கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி, பச்சை வாழைக்குலை, கோழிக்கூண்டு, ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி. காய்கறி மூட்டை இல்லாமல் ஒருவரும் ஏற மாட்டார்கள். தென்னையும் மீனும் தவிர மற்றதெல்லாம் கரையிலிருந்து போனால்தான் உண்டு.

அதைவிட முக்கியமான ஒரு சாமான் பெரும்பாலும் எல்லாருடைய கையிலும் இருக்கும், ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பையனின் மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று ஜெராக்ஸ். அடிக்கடி எங்கள் கடைக்கு வரும் ஓர் அமினித் தீவுக்காரர், வயதானவர், என்னை 'அண்ணாச்சி' என்பார், நான் 'இக்கா' என்பேன். அவருடைய ஃபைலில் மேலாக ஒரு கடிதம் இருந்தது. எம்.பி. அலுவலகத்திலிருந்து வாங்கியது. மருமகளுக்கு எறணாகுளத்தில் ஆபரேஷன், திரும்பிப் போகக் கப்பலில் படுக்கை வேண்டும். கடிதத்தைக் காட்டினாலும் டிக்கெட் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் அந்தக் கடிதத்தை அவர் மடிக்கவே இல்லை. ஃபைலுக்குள் விறைப்பாக நிற்க வேண்டும் என்று பின்னால் ஒரு காலண்டர் அட்டையைச் செருகி வைத்திருந்தார்.

நமக்கு டிக்கெட் வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்குப் போவோம், தாசில்தாரைப் பார்ப்போம், கவுன்சிலர், எம்.எல்.ஏ. என்று ஏழு கதவு இருக்கிறது. லட்சத்தீவில் சட்டமன்றமே கிடையாது. எம்.எல்.ஏ. இல்லை, முதல்வர் இல்லை. ஊராட்சிக்கு மேலே டெல்லி அனுப்பும் நிர்வாகி, அவருக்குக் கீழே அதிகாரிகள். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் என்று நாடாளுமன்றத்தில் பேசக்கூடிய ஒரே ஆள் எம்.பி. சயீத் முப்பத்தேழு வருஷம் அந்த ஒற்றைக் கதவாக இருந்தார்.

ஜூன் 9

லட்சத்தீவு முன்பு நம் சென்னை மாநிலத்தில் இருந்ததா என்று கேட்ட காரைக்கால் நண்பருக்கு: ஆமாம், அந்தத் தீவுகள் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தோடு இருந்தவைதான். அமினித் தீவுக்கூட்டம் தென் கன்னட கலெக்டருக்குக் கீழே, மற்றவை மலபார் கலெக்டருக்குக் கீழே. மொழிவாரி மாநிலப் பிரிவினை அன்று எல்லாவற்றையும் சேர்த்து யூனியன் பிரதேசமாக்கினார்கள். அப்படியும் தலைமையகம் 1964 வரை கோழிக்கோட்டில்தான். கவரத்திக்கு அப்புறம்தான் போனது. லட்சத்தீவு என்ற பெயரே 1973-இல் வந்தது. சயீத் முதலில் ஜெயித்தது 'லக்கதீவு, மினிக்காய், அமினித் தீவுகள்' என்ற நீளப் பெயருடைய தொகுதியில்.

ஜூன் 9, இன்னொன்று

சயீத் 71 ஓட்டில் தோற்ற 2004 தேர்தலைப் பற்றிக் கேட்டீர்கள்.

பூக்குஞ்ஞி கோயா, ஐக்கிய ஜனதா தளம், 15,597. சயீத் 15,526. வித்தியாசம் 71. நாடு முழுக்க பா.ஜ.க. கூட்டணி தோற்ற தேர்தல் அது. காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. அந்தத் தேர்தலில்தான் முப்பத்தேழு வருஷ சயீத் கோட்டையில், வாஜ்பாய் பக்கம் இருந்த கட்சி ஜெயித்தது. அலைக்கும் சயீத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, தோல்வியிலும் அதே கதை.

71 ஓட்டு என்பது நம் தொகுதிகளில் எண்ணும் மேசையில் பிழைத்திருத்தம். அங்கே அது ஆள் கணக்கு. அதே அமினி இக்கா அந்த வருஷக் கடைசியில் வந்தபோது கேட்டேன். சிரித்துவிட்டு, 'எழுபத்தொன்றும் யார் யாரென்று இரண்டு அணிக்காரனும் சொல்லுவான் அண்ணாச்சி, ஆனால் இரண்டு பேர் சொல்லும் பட்டியலும் ஒத்துவராது' என்றார். கப்பல் பிந்தியதால் வந்து சேராத மாணவர்கள், பெண் எடுத்த வீட்டில் வந்த மனஸ்தாபம், வேலை கேட்டுக் கிடைக்காத ஒரு குடும்பம். ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

எனக்கு இதில் இன்னொரு சந்தேகம் உண்டு. மக்களவைத் தேர்தல் முழுவதும் மின்னணு இயந்திரத்தில் நடந்தது 2004-இல்தான் முதல் முறை. வாக்குச்சீட்டு என்றால் பல சாவடிச் சீட்டைக் கலந்து எண்ண முடியும். இயந்திரத்தில் சாவடிவாரியாகக் கணக்கு வெளியே வந்துவிடும். சின்னத் தீவில் ஒரு சாவடிக்கு எவ்வளவு விழுந்தது என்று தெரிந்தால், எந்த வீடு மாறியது என்று கண்டுபிடிக்க ஜோசியம் வேண்டாம். தோல்விக்கு இயந்திரம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தோல்விக்குப் பிறகு நடந்த பேச்சு அத்தனை கசப்பாக இருந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 10

பித்ரா தீவின் மொத்த மக்கள்தொகை 2011 கணக்குப்படி 271. எழுபத்தொரு ஓட்டு என்றால் பித்ராவில் குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குத் தீவு. அங்கே பிரசாரத்துக்குப் போகிற வேட்பாளர் மைக் கொண்டுபோனால் வீண் செலவு.

ஜூன் 13

'தோற்றவரை அமைச்சராக்கினார்களே, அது மக்கள் தீர்ப்பை அவமதிப்பது இல்லையா?' நியாயமான கேள்வி. 2004-இல் மன்மோகன் சிங் அமைச்சரவையில் சயீத்துக்கு மின்துறை, கேபினட் அந்தஸ்து. அப்புறம் டெல்லியிலிருந்து மாநிலங்களவைக்குக் கொண்டுவந்தார்கள். எம்.பி.யாக இல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்க அரசமைப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது, சட்டப்படி கோளாறு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பத்து முறை ஜெயித்தபோதெல்லாம் அவருக்குக் கிடைத்தது இணையமைச்சர் பதவிதான். சரண் சிங் காலத்தில் எஃகு, சுரங்கம், நிலக்கரி. அவருடைய தீவுகளில் தோண்டினால் பவளப்பாறை தவிர ஒன்றும் கிடைக்காது. நரசிம்ம ராவ் காலத்தில் உள்துறை, பிறகு தகவல் ஒலிபரப்பு. தோற்ற பிறகுதான் முழு அமைச்சர். அதுவும் மின்துறை. லட்சத்தீவுக்கு மின்கம்பி எந்தக் கரையிலிருந்தும் போகவில்லை. ஒவ்வொரு தீவிலும் டீசல் ஜெனரேட்டர், டீசல் கப்பலில் போக வேண்டும். நாடு முழுக்க மின்கட்டமைப்பைப் பற்றிக் கூட்டம் போடுகிற அமைச்சரின் சொந்த ஊர் அந்தக் கட்டமைப்பிலேயே இல்லை.

அவமதிப்பா என்றால், ஆமாம், கொஞ்சம் அப்படித்தான். தமிழ்நாட்டிலும் தோற்றவர்கள் மாநிலங்களவை வழியாக உள்ளே போனதைப் பார்த்திருக்கிறோம். அப்போது கோபப்பட்ட நான் இதற்கு மட்டும் சும்மா இருந்தால் அது ஓரவஞ்சனை.

2005 டிசம்பர் 18-ஆம் தேதி தென் கொரியாவின் சியோலில் இறந்தார். அமைச்சராக இருக்கும்போதே.

ஜூன் 16

ஒரு வாரமாக என் வாதத்தையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். 'சின்ன ஊரில் ஜெயிப்பது கஷ்டம்' என்று முதல் நாள் எழுதினேன். அப்படியானால் அந்தமானை எங்கே வைப்பது? அங்கேயும் சட்டமன்றம் இல்லை, ஒரே எம்.பி. மனோரஞ்சன் பக்தா எட்டு முறை. 77-இலிருந்து 98 வரை விடாமல் ஏழு, அப்புறம் 2004-இல் ஒன்று. அவருக்கு மாற்றாக வந்த பிஷ்ணு பத ராய் 99, 2009, 2014, இப்போது 2024. முகங்கள் மாறுவதே இல்லை.

கடல் நடுவே, சட்டமன்றம் இல்லாமல், ஒரே ஓர் எம்.பி. என்று இருந்தால் ஜனங்கள் ஆளை மாற்றப் பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. டெல்லியில் எந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தவரை வைத்துக்கொள்வது பத்திரம். புது ஆள் அதைக் கற்றுக்கொள்வதற்குள் ஐந்து வருஷம் போய்விடும். அப்படிப் பார்த்தால் சயீத்தின் பத்து வெற்றியில் சில அவருடைய திறமை, சில அந்த ஏற்பாட்டின் கைங்கரியம். எத்தனை எத்தனை என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் சுயேச்சையாக ஜெயித்த 67-உம், இந்திராவை எதிர்த்து நின்று ஜெயித்த 80-உம் அவருடையவை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒருவர் புதுச்சேரியைக் காட்டி 'லட்சத்தீவுக்கும் சட்டமன்றம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்கிறார். முப்பத்திரண்டு சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு முதல்வர், சபாநாயகர், கொறடா எல்லாம் வேண்டுமா என்று சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் 2021-இல் நடந்ததை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தின டிசம்பரில் புது நிர்வாகியாகப் பிரபுல் கோடா படேல் வந்திருந்தார். நில மேம்பாட்டு வரைவு, குண்டர் சட்டம், இரண்டு குழந்தைக்கு மேல் இருந்தால் ஊராட்சித் தேர்தலில் நிற்க முடியாது, மாட்டிறைச்சித் தடை என்று வரிசையாக வரைவுகள். தீவுகளில் எதிர்ப்பு கொதித்தது. அதை எதிர்த்துத் தீர்மானம் போடத் தீவுகளுக்கென்று ஒரு மன்றம் இல்லை. கேரளச் சட்டமன்றம் அவர்களுக்காகத் தீர்மானம் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேச வேண்டிய நிலைமை.

ஜூன் 18

முந்தைய எம்.பி. பைசலை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று புகார் வந்திருக்கிறது. மறக்கவில்லை, நீளமான விவகாரம் என்பதால் தள்ளிப்போட்டேன்.

2009-இல் சயீத்தின் மகன் ஹம்துல்லா ஜெயித்தார். அந்த அவையின் மிக இளைய உறுப்பினர் அவர்தான். 2014-இல் தேசியவாத காங்கிரசின் முகமது பைசல் அவரை 1,535 ஓட்டில் தோற்கடித்தார். 2019-இலும் பைசல், வித்தியாசம் 823 மட்டும்.

2009 தேர்தல் நேரத்தில் சயீத்தின் மருமகனைத் தாக்கியதாக ஒரு வழக்கு. அதில் 2023 ஜனவரியில் கவரத்தி நீதிமன்றம் பைசலுக்குக் கொலை முயற்சிக் குற்றத்துக்காகப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. பதவி போனது. தேர்தல் ஆணையம் ஒரே வாரத்தில் இடைத்தேர்தல் தேதியே அறிவித்துவிட்டது. கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் தேர்தல் நின்றது. ஆனாலும் பதவி திரும்பி வரவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணைக்கு வரவிருந்த மார்ச் 29 காலையில்தான் மக்களவைச் செயலகம் பதவியைத் திருப்பிக் கொடுத்தது. ராகுல் காந்தி பதவி பறிபோய் ஐந்து நாள் ஆகியிருந்த நேரம். எல்லாரும் அந்த உத்தரவை ராகுலுக்காகப் படித்தார்கள், தீவுக்காரர்கள் தங்களுக்காகப் படித்தார்கள். அக்டோபரில் மறுபடி பதவி போய், உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நவம்பரில் மறுபடி வந்தது.

மற்ற தொகுதிகளில் ஒரு எம்.பி. இரண்டு மாதம் இல்லையென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இங்கே அந்த நாட்களில் கடிதம் வாங்க எங்கே போயிருப்பார்கள்?

இந்தத் தடவை ஹம்துல்லா 25,726, பைசல் 23,079. வித்தியாசம் 2,647.

ஜூன் 21

தற்காலிக சபாநாயகர் சண்டையைப் பார்க்கிறீர்களா? எட்டு முறை எம்.பி.யான கொடிக்குன்னில் சுரேஷை விட்டுவிட்டு ஏழு முறை வந்த பர்த்ருஹரி மஹ்தாப்பை உட்கார வைத்திருக்கிறார்கள். சுரேஷ் நடுவில் தோற்றிருக்கிறார், மஹ்தாப் இடைவெளி இல்லாமல் வந்தவர் என்பது அரசுத் தரப்பு வாதம். அந்த இடைவெளியில்லாக் கணக்கை வைத்துப் பார்த்தால் சயீத்தின் பத்து எங்கே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்த இழையின் முதல் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்தான்.

போகிற போக்கில் ஒன்று: மஹ்தாப்பின் அப்பா ஹரேகிருஷ்ண மஹ்தாப்பும் 1962-இல் போட்டியின்றி வந்தவர். நம் டி.டி.கே. வந்த அதே வருஷம்.

ஜூன் 27

நேற்று ஓம் பிர்லா மறுபடி சபாநாயகர் ஆனார், குரல் வாக்கெடுப்பில். துணை சபாநாயகர் பேச்சையே காணோம். 2019-இலிருந்து அந்த நாற்காலி காலி. கடைசியாக உட்கார்ந்தவர் நம் தம்பிதுரை.

சயீத் பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது இதுதான், பேச்சு வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. வாஜ்பாய் ஆட்சியில் காங்கிரஸ்காரரான அவர் துணை சபாநாயகர். முதலில் 1998 டிசம்பரில், 99 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும். 2004 வரை. அந்தப் பதவி எதிர்க்கட்சிக்குப் போவது 1990 தொடங்கி அப்படியே வழக்கமாக இருந்தது.

2002 மார்ச் 3-ஆம் தேதி சபாநாயகர் பாலயோகி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். மே மாதம் மனோகர் ஜோஷி வரும்வரை அவையை நடத்தியவர் சயீத். இடையில்தான் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட மசோதா வந்தது. மாநிலங்களவையில் அரசு தோற்றதும் மார்ச் 26 அன்று இரண்டு அவைகளையும் சேர்த்துக் கூட்டினார்கள். குடியரசு வந்த பிறகு அப்படி நடந்தது அதுவரை இரண்டே தடவை, 1961-இலும் 1978-இலும். மூன்றாவதான அந்தக் கூட்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர், நாட்டிலேயே மிகக் குறைந்த வாக்காளர்கள் உள்ள தொகுதிக்காரர். அவருடைய சொந்தக் கட்சி மசோதாவை எதிர்த்தது. 425-க்கு 296 என்று மசோதா நிறைவேறியதாக அறிவிக்க வேண்டியது அவர் வேலை. அறிவித்தார்.

நம் வைகோ அந்தச் சட்டத்தில் உள்ளே போனது அதே வருஷம் ஜூலையில். அந்தக் கூட்டுக் கூட்ட நாளின் நினைவு எனக்குச் சட்டத்தோடு ஒட்டித்தான் இருக்கிறதே தவிர, மேலே உட்கார்ந்திருந்தவரோடு இல்லை. நல்ல அவைத் தலைவருக்கு அதுதான் பாராட்டு என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. சொந்தக் கட்சி எதிர்க்கும் சட்டத்தை அத்தனை சாதுவாக நடத்திக்கொடுக்க எப்படி மனசு வந்தது என்று இன்னொரு பக்கமும் தோன்றுகிறது. இந்த இரண்டையும் நான் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

ஜூலை 7

தொகுதி மேம்பாட்டு நிதிக் கணக்கைக் கேட்டவருக்கு. எல்லா எம்.பி.க்கும் வருஷம் ஐந்து கோடி, தொகுதி பெரிதோ சின்னதோ. 2019-இல் லட்சத்தீவில் ஏறத்தாழ ஐம்பத்தைந்தாயிரம் வாக்காளர், தலைக்குத் தொள்ளாயிரம் ரூபாய் வரும். அதே வருஷம் தெலங்கானாவின் மல்காஜ்கிரியில் முப்பத்தொன்றரை லட்சம் வாக்காளர், தலைக்குப் பதினாறு ரூபாய். 'அப்படியென்றால் தீவுக்காரர் கொடுத்துவைத்தவர்' என்று கிளம்ப வேண்டாம். ஒரு மூட்டை சிமெண்ட் கப்பலில் போய், நடுக்கடலில் படகுக்கு மாறி, கரை இறங்குவதற்குள் அதன் விலை என்ன ஆகும் என்று கொச்சியில் கணக்கு எழுதியவனைக் கேளுங்கள். மழைக்காலத்தில் அந்தக் கணக்கும் கிடையாது, போக்குவரத்தே பாதி நின்றுவிடும்.

ஹம்துல்லா அப்பாவைத் தாண்டுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் கணக்கு பத்து, இவருடையது இரண்டு. வயது இருக்கிறது. ஆனால் அங்கே கடைசி ஐந்து தேர்தலில் யாரும் மூவாயிரம் ஓட்டு வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. பாதித் தீவு எப்போதும் எதிரே நிற்கிறது. அப்பா காலத்து முப்பத்தேழு வருஷம் இனி யாருக்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன், அது தீவுக்காரர்களுக்கு நல்லதுதான். கடிதம் கேட்டுப் போகிறவனுக்கு, இவர் இல்லையென்றால் அவர் என்ற நினைப்பாவது இருக்கும்.

மினிக்காய் மாசிக் கருவாடு கிலோ என்ன விலை, தூத்துக்குடியில் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர் சமையல் பகுதிக்குப் போகவும். அங்கே என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.